நரிக்கு செகண்ட் ஷிஃப்ட்

ஆன்லைன் சென்டர் என்பது, உலகத்தில் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் அதற்காக நேரில் வந்து திட்டுவதற்கு வசதியாக ஊருக்கு ஒருவனை உட்கார வைத்திருக்கும் தொழில். கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அந்த ஒருவன் நான். இதே இடத்தில் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். அவரிடம் வாங்கிய குக்கர் விசில் அடிக்காவிட்டால் அவரைத் திட்டினார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. என்னிடம் யாரும் எதையும் வாங்குவதில்லை. கரண்ட் பில், ஹால் டிக்கெட், நிலப் பத்திரம், ரயில் டிக்கெட், பென்ஷன் எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன. நான் வெறும் ஜன்னல். வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றால் ஜன்னலை உதைக்கிறார்கள்.

திரையில் சுற்றும் அந்தச் சின்ன வளையத்தையே பார்த்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். மவுஸை நாலு தட்டு தட்டினால் சீக்கிரம் வரும் என்று நம்பியிருப்பீர்கள். பக்கத்து ஆளுக்கு மட்டும் எப்படி உடனே திறந்தது என்று உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும். அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். தயங்காமல் மேலே படியுங்கள்.

புஷ்பாவின் கேள்வி

புஷ்பா பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். விடியும் முன்பே மாரிகுப்பம் ரயில்வண்டியைப் பிடித்துப் போவாள், இருட்டிய பிறகு வந்து இறங்குவாள். மகள் ஷர்மிளா பியூசி, அதாவது ப்ளஸ் டூ, முடித்துவிட்டு ஒரு வருடமாக அங்கேயே ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் பெண்ணும் ஒரே வண்டி, ஒரே டிபன் கேரியர்.

இந்த வருடம் ஷர்மிளாவுக்கு பெங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. காலேஜில் ஹாஸ்டல் கிடையாது. வார்டு டியூட்டி அதிகாலையிலும் வரும், ராத்திரியிலும் வரும். அதற்கெல்லாம் ரயிலை நம்ப முடியாது. தனியார் விடுதிக்குக் கேட்கிற வாடகையைக் கொடுத்தால் புஷ்பா வீட்டில் அடுப்பு எரியாது. மிச்சம் இருந்தது பெண்களுக்கான குறைந்த வாடகை விடுதி ஒன்றுதான். அதில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைனில் பதிவு திறக்கும். முதலில் வருகிறவர்களுக்கு இடம், அவ்வளவுதான் விதி. இடம் கிடைத்தால் ஷர்மிளா நர்ஸ். கிடைக்காவிட்டால் மறுபடியும் துணிக்கடை, மறுபடியும் அம்மாவோடு அதே வண்டி.

"எந்த பிரவுசருண்ணா வேகமா போவும்? இப்பவே பாத்து வெச்சிடுங்க. அன்னிக்கு வந்து யோசிக்கக் கூடாது" என்றாள். அவள் வேலை செய்யும் கட்டடத்தில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்களே, அவர்களில் யாரையாவது கேட்கலாமே என்றேன். புஷ்பா சிரித்தாள்.

"அவங்க கம்ப்யூட்டர தொடைக்கத்தாண்ணா எனக்குத் தெரியும். அவங்களாண்ட கேக்கத் தெரியாது."

நால்வர்

என் கடையில் நாலு கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே வயசு, ஒரே நோய். நாலிலும் நாலு பிரவுசர் இருக்கின்றன. கம்பெனிப் பெயர்களைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தவிர, எங்கள் ஊரில் அந்தப் பெயர்களை யாரும் சொல்வதும் கிடையாது. படத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். நாலு கலரில் உருண்டையாக இருப்பது பம்பரம். நெருப்பு வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பது நரி. ஆரஞ்சு மூஞ்சியோடு முறைப்பது சிங்கம். நீலமும் பச்சையுமாகச் சுழித்துக்கொண்டிருப்பது அலை. அலை, கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே இருந்தது. மற்ற மூன்றையும் பதிவிறக்கம் செய்ய ஒரே ஒருமுறை அதைத் திறந்தேன். அதற்குப் பிறகு நானும் திறக்கவில்லை, அதுவும் கோபித்துக்கொள்ளவில்லை.

வேகம் பார்க்க என்றே சில இணையதளங்கள் இருக்கின்றன. அவை திரையில் முக்கோணங்களைச் சுற்றவிட்டு, பந்துகளைத் துள்ளவிட்டு, கடைசியில் ஒரு மார்க் போடும். நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தளம் பம்பரத்துக்கு முதல் மார்க் போட்டது, இன்னொன்று சிங்கத்துக்குப் போட்டது. எங்கள் ஊரில் முக்கோணம் சுற்றிப் பார்க்கவென்று யாரும் கடைக்கு வருவதில்லை. கரண்ட் பில் பக்கம் எதில் முதலில் திறக்கிறது என்று பார்ப்பதுதான் நேர்மையான பரீட்சை என்று முடிவு செய்தேன். பக்கத்துக் கடை பேக்கரி பாஸ்கர், கையில் பன் தட்டோடு நின்று என் ஏற்பாடுகளை வேடிக்கை பார்த்தான். அலையையும் பந்தயத்தில் சேர்க்கிறேன் என்றதும் அவனுக்கு மனசு இளகிவிட்டது.

"பாவம் அது. கல்யாண வூட்ல எல நறுக்கறவன் மாதிரி. எல்லாருக்கும் எல போடும், அதுக்கு ஒண்டி பந்தில எடம் கெடைக்காது."

ஷிஃப்ட் போர்டு

ஒரே கம்ப்யூட்டரில், ஒரே பக்கத்தை, ஒன்றன்பின் ஒன்றாக நாலு பிரவுசரிலும் திறந்து, போனில் நேரம் பார்த்தேன். முதலில் பம்பரம், அடுத்து நரி, பிறகு சிங்கம், கடைசியில் அலை. இப்படிக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் ஒரு வாரம். மருந்து சாப்பிடுகிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்கமாட்டான்.

முடிவு என்னையே அசத்திவிட்டது. காலையில் எப்போதும் பம்பரம்தான் முதல். மதியத்தில் பம்பரம் மூச்சு வாங்க, நரி பாய்ந்து போனது. சாயங்காலம் சிங்கம். ஒருநாள் இல்லை, தினமும் இதே கதை. காரணம் தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொள்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை என்பதால், ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன்: "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பம்பரம். செகண்ட் ஷிஃப்ட் நரி. சாயங்காலம் சிங்கம்."

வேறு ஊராக இருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ஷிஃப்ட் என்ற சொல்லோடு பிறந்து, ஷிஃப்ட் என்ற சொல்லோடு பென்ஷன் வாங்குகிற ஊர் இது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மதியம் வந்து பம்பரத்தில் பில் கட்ட உட்கார்ந்தவரை, வரிசையில் நின்றவர்களே அதட்டி நரிக்கு மாற்றினார்கள். பக்கத்துச் சுரங்கக் காலனியான பாலகாட்டிலிருந்து தினமும் வந்து என் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படிக்கும் தேவராஜ் அண்ணன், மைன்ஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அட்டையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மனுசனையே ஒரு ஷிஃப்ட்டுக்கு மேல சொரங்கத்துல உட மாட்டான். மிசினுக்கு மட்டும் களைப்பு இருக்காதா? நீ மாத்தி உட்டது சரிதான் முரளி."

நரி மண்டி

பூதிகோட்டை வெங்கடேசப்பா தக்காளி போடுகிறவர். பறித்துக் கூடையில் அடுக்குவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து கோலார் மண்டியில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் போவார். போனிலேயே பார்க்கலாமே என்றால், போனில் பார்த்தால் விலை சின்னதாகத் தெரிகிறது என்பார். ஒருநாள் இரண்டு திரைகளுக்கு நடுவே நின்றவர் திடீரென்று கூவினார். பம்பரத்தில் ஒரு விலை, நரியில் அதைவிட நல்ல விலை.

நான் விளக்கினேன். நரி நேற்று திறந்த பக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. வேகமாகத் தெரிவதற்காகச் சில சமயம் பிரவுசர்கள் இப்படிப் பழையதை எடுத்து நீட்டும். பம்பரம் மெதுவாக வந்தாலும் இன்றைய விலையைக் கொண்டு வந்திருக்கிறது. விலை இறங்கிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். வெங்கடேசப்பா பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டார். எல்லாம் புரிந்ததற்கான அறிகுறி முகத்தில் இருந்தது. கடைசியில் நரி இருந்த திரையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு இந்த ரேட்டு பிரிண்ட் போடுங்க சார். மண்டில கேட்டா, நான் நரிலதான் விக்கிறேன்னு சொல்லிடறேன்."

நீ மனுசனா?

தேவராஜ் அண்ணனுக்குப் பென்ஷன் தொடர வேண்டுமானால், தான் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யவேண்டும். அதற்காக ஒருநாள் சாயங்காலம் வந்தார். அட்டைப்படி சாயங்காலம் என்றால் சிங்கம். சிங்கத்துக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரிடமும் மூச்சு விடாது. நல்ல குணம்தான். ஆனால் சில இணையதளங்களுக்கு அப்படி வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் மேல் சந்தேகம். உடனே, நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள் என்று படங்களைக் காட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் டிராஃபிக் லைட் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. தொட்டோம். பிறகு படிக்கட்டு. பிறகு மோட்டார் சைக்கிள். அடுத்து சிம்னி. அந்தப் படத்தில் இருந்த ஓட்டு வீட்டுப் புகைபோக்கியை சிம்னி என்று ஒத்துக்கொள்ள அண்ணன் மறுத்துவிட்டார். சிம்னி என்றால் மைன்ஸில் இருப்பது மாதிரி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு விளக்கம் வேறு. அதற்குள் நேரம் முடிந்து, மறுபடியும் டிராஃபிக் லைட். எனக்கு வியர்த்துவிட்டது. திங்கட்கிழமை ஷர்மிளாவின் விடுதிப் பக்கமும் இப்படிப் படம் காட்ட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்துப் பேசினார்.

"முப்பது வருசம் அண்டர்கிரவுண்டுல இருந்தேன். மேல ஏறி வர்றப்ப மூஞ்செல்லாம் மண்ணு. அப்பகூட எவனும் நீ மனுசனான்னு கேட்டதில்ல."

பாஸ்கர் கை கழுவுகிறான்

பேக்கரி பாஸ்கர் வேலூரில் மச்சினன் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கடை பூட்டியிருந்தான். அந்த மூன்று நாளும் என் பரீட்சையில் விசித்திரம் நடந்தது. பம்பரம், நரி, சிங்கம், அலை, நாலும் ஒன்றுபோல ஓடின. கண் மூடித் திறப்பதற்குள் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்லக்கூட முடியவில்லை. காலையிலும் அப்படியே, மதியத்திலும் அப்படியே. நான் பிரவுசர்களைச் சந்தேகப்பட்டேன், போனில் இருந்த கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், என்னையும் ஒருமுறை சந்தேகப்பட்டேன். நாலாம் நாள் பாஸ்கர் திரும்பி வந்து கடையைத் திறந்தான். ஷிஃப்ட்டும் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வைஃபை பாஸ்வேர்டை பாஸ்கருக்கு நானே கொடுத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரனுக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி இதுவும் ஒன்று, யாரும் கணக்கு வைப்பதில்லை. காலையில் நான் பரீட்சையைத் தொடங்கும்போது அவன் அடுப்பிலிருந்து முதல் தட்டை எடுத்துக்கொண்டிருப்பான். லைன் காலியாக இருக்கும், பம்பரம் பறக்கும். தட்டை வைத்துவிட்டு என் வைஃபையில் போனில் சீரியலைப் போட்டுக்கொள்வான், மற்ற மூன்றும் படுத்துவிடும். மதியம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பான். அவன் கை கழுவ எழுந்து போகிற நேரத்தில்தான் நரியின் முறை வரும். சாயங்காலம் டீக்குக் கூட்டம் வந்து அவன் போனைக் கீழே வைக்கும்போது சிங்கம். ஆக, உலகப் புகழ் பெற்ற நாலு பிரவுசர்களின் தரவரிசையை நிர்ணயித்தது என் பக்கத்துக் கடைக்காரனின் எச்சில் கை.

போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனை அணைத்து வைக்கவேண்டும், ஒரு பெண்ணின் படிப்பு இதில் இருக்கிறது என்றேன். உடனே ஒத்துக்கொண்டான். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. மார்பு நிமிர்ந்ததுதான் மிச்சம்.

"பஜார் ஸ்பீடு மொத்தமும் என் கைல கீதுன்னு இத்தினி நாளா ஒருத்தன் சொல்லலியே!"

துண்டு போடும் வித்தை

அட்டையைக் கழற்றி வைத்தேன். எல்லா பிரவுசரும் ஒன்றுதான் என்று புஷ்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். திங்களுக்கு முந்தின ஞாயிறு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு புஷ்பாவுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. எது வேகம் என்று தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாம் ஒன்று என்றால் எதை நம்புவது?

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கர்ச்சீப், டிபன் பை எதையாவது சீட்டில் போட்டுவிடுவார்கள். போட்டவர்களுக்கு சீட்டு. கெட்டிக்காரர்கள் நாலு ஜன்னலில் நாலு சாமானைப் போடுவார்கள். எது நிலைக்கிறதோ அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். புஷ்பா இந்த வித்தையில் பல வருடப் பழக்கம் உள்ளவள். நாலு கம்ப்யூட்டரிலும் நாலு பிரவுசரைத் திறந்து, ஷர்மிளாவின் பதிவு எண்ணை நாலிலும் போட்டு, நாலு பேர் உட்கார்ந்துகொள்ளவேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. சொல்லப்போனால், எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நீயும் வந்துவிடு என்று கூப்பிட்டேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"நான் இங்க நின்னா எனக்குக் கை நடுங்கும், அதப் பாத்து அவளுக்கும் நடுங்கும். நான் வண்டில போறேண்ணா. நீங்க துண்டு போடுங்க."

பத்து மணி

முதல் கம்ப்யூட்டரில் பம்பரத்தோடு ஷர்மிளா. இரண்டாவதில் நரியோடு நான். மூன்றாவதில் சிங்கத்தோடு பாஸ்கர், மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. நாலாவது ஆள் கிடைக்காமல், அலையோடு தேவராஜ் அண்ணனை உட்கார வைத்தேன். பதிவு எண்ணை எப்படி அடிப்பது, எந்த இடத்தில் தட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமையே அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன். எதிர்க்கடை, பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோரும் போனை அணைத்து, அணைத்ததை எனக்குத் தூக்கிக் காட்டினார்கள். பில் கட்ட வந்த ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை.

பத்து அடித்தது. தட்டினோம். "நான் உள்ள போயிட்டேன்!" என்று ஷர்மிளா கத்தினாள். வாசலில் கைதட்டல். அடுத்த நிமிடம் "நானும்!" என்றான் பாஸ்கர். மறுபடியும் கைதட்டல். அதற்குள் ஷர்மிளா "ஐயோ, வெளில தள்ளிட்டாங்க" என்றாள். நான் உள்ளே போனேன், பாஸ்கர் வெளியே வந்தான். ஷர்மிளா திரும்ப உள்ளே போனாள், நான் வெளியே வந்தேன். பத்து மணிக்கு நெரிசல் இருக்கத்தான் செய்யும், விடாமல் தட்டுங்கள் என்று நான்தான் ஊக்கம் கொடுத்தேன். திரையின் ஓரத்தில், இன்னும் மிச்சமிருக்கும் இடங்கள் எத்தனை என்று ஒரு எண் இருந்தது. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அது குறைந்திருந்தது. ரயிலிலிருந்து இறங்கி வேலைக்குப் போன புஷ்பா, இந்நேரம் ஏதோ ஒரு கண்ணாடிச் சுவரைத் துடைக்கச் சொல்லிக்கொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கை இன்னும் வேகமாகத் தட்டியது.

வெளியே தள்ளும்போதெல்லாம் சிவப்பில் ஒரு வரி வந்து மறையும். அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை. இந்தத் தொழிலில் சிவப்பு எழுத்தைப் படிக்கிறவன் பிழைக்கமுடியாது. ஷர்மிளாதான் கையை எடுத்துவிட்டுப் படித்தாள். இந்தப் பதிவு எண் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டதால் நீங்கள் வெளியேற்றப்படுகிறீர்கள் என்று இருந்தது. சட்டென்று எழுந்து நின்றாள். "எல்லாரும் கைய எடுங்க! வேற யாரும் இல்ல அங்கிள், நம்மள நாமதான் தள்ளிக்கினு கீறோம்!"

கையை எடுத்தோம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பாஸ்கர் சிங்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றான். வாசலில் ஒரு கட்சி பம்பரத்துக்கு, ஒரு கட்சி நரிக்கு. காலை ஷிஃப்ட் பம்பரம்தானே, அட்டையில் போட்டிருந்ததே என்று என் பொய்யையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார் ஒருவர். ஷர்மிளா யாரையும் கேட்கவில்லை. "இப்ப உள்ள இருக்கறது யாரு? அது போதும்" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் மூவரும் அவரவர் திரையைப் பார்த்தோம், மூன்றும் வெளியேதான். பிறகு மூலையிலிருந்து தேவராஜ் அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான் கீறேம்மா. கடைசியா உள்ள வந்தவன் நாந்தான், நீங்க கைய எடுத்தப்பறம் யாரும் தள்ளல. அப்பால இன்னா பண்றதுன்னு முரளி சொல்லித் தரல."

சாயங்கால வண்டி

ஷர்மிளா ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நின்றவாக்கிலும் இல்லை உட்கார்ந்தவாக்கிலும் இல்லை என்கிற நிலையில் மீதியை முடித்தாள். மூன்றாம் மாடியில் ஓர் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. அடுத்து பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தபோது இடங்கள் நிறைந்துவிட்டன என்று வந்தது. பஜாரே சத்தம் போட்டது. பாஸ்கர் ஒரு தட்டு பன் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தான். ஷர்மிளா அம்மாவுக்குப் போன் போட்டு "கெடைச்சிட்ச்சி மா" என்றாள். அந்தப் பக்கம் எழுந்த கத்தல் எங்களுக்கும் கேட்டது. நான் அழவில்லை; கடையில் கூட்டம் அதிகம், அதனால் திரும்பி பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்கால வண்டியிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள் புஷ்பா. அனுமதிக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். பெயர் சரியா, காலேஜ் பெயர் சரியா என்று விரல் வைத்துப் படித்தாள். சேரவேண்டிய நாள் இருந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அடுத்த திங்கள். "இவ்ளோ சீக்கிரமாவா?" என்றாள். வேகம் வேண்டும் என்று கேட்டவள் நீதானே என்று நான் கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். பயந்துபோன ஷர்மிளா, வேண்டுமானால் சேராமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டாள். புஷ்பா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வாயை மூடு, போய் நர்ஸாகிற வழியைப் பார் என்றாள். பிறகு, கடிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்னாள்.

"இவ வர்றதுக்கு முன்னாடி எத்தினியோ வருசம் அந்த வண்டில ஒண்டியாதாண்ணா போயினு வந்தேன், ஒண்ணும் தெரில. இந்த ஒரு வருசம் என் தோள்ல சாஞ்சி தூங்கினு வந்தா பாரு, இனிமேதாண்ணா பெங்களூரு தூரம்."

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் அலைதான் வேகம், அலையிலேயே போடுங்கள் என்று அடம் பிடிக்கிறார்கள். அந்த வேகம் ஒரு வாரமாவது குறைந்திருக்கலாமே என்று நினைக்கிற ஒரே ஒருத்தியிடம் மட்டும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.